திருநங்கையைப் பிடித்திருக்கிறது, அப்படியானால் நான் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநங்கைகளைப் பற்றித் தமிழில் இன்று ஓரளவு எழுதப்படுகிறது. அவர்களைக் காதலிக்கிறவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. சினிமாவில் வந்தால் சிரிப்புக்கு வருவார்கள், செய்தித்தாளில் வந்தால் வழக்கு விவரத்தில் வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாதாரண ஆண்கள் ராத்திரியில் போனை மறைத்து வைத்துக்கொண்டு தேடும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்திருக்கிறேன். சில கேள்விகள் அவர்களின் மனைவிமார் கேட்பவை. சில, திருநங்கைகளே கேட்பவை.

ஒரு திருநங்கையைக் காதலிக்கிறேன். அப்படியானால் நான் கே தானா?

இல்லை. திருநங்கை ஒரு பெண். ஆண் பெண்ணை விரும்பினால் அது எதிர்பாலீர்ப்பு. பின்னால் ஒரு 'ஆனால்' சேர்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஆண்களையும் பிடிக்கும் என்றால் இருபாலீர்ப்பு உள்ளவராக இருக்கலாம். அதை ஆண்கள் மேல் உங்களுக்கு இருக்கும் ஈர்ப்பை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்தப் பெண்ணைப் பிடித்திருப்பதை வைத்துச் சொல்ல முடியாது.

முற்போக்குக்காகச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திருநங்கைகள் மேல் ஈர்ப்புள்ள ஆண்களிடம் விதவிதமான படங்களைக் காட்டி, உடல் எதற்கு எப்படிக் கிளர்ச்சி அடைகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். பெண்களின் படங்களுக்கு அந்த ஆண்கள் காட்டிய கிளர்ச்சி மற்ற எதிர்பாலீர்ப்பு ஆண்களுடையதைப் போலத்தான் இருந்தது. ஆண்களின் படங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தன்பாலீர்ப்பு ஆண்களோடு அவர்கள் ஒத்துப்போகவே இல்லை. சின்ன ஆய்வுதான். திருநங்கைகளைப் பற்றி அந்த ஆய்வாளர்கள் பேசும் தோரணையும் எனக்கு உவப்பில்லை. இருந்தாலும், 'இவனுக்குள் ஒரு கே ஒளிந்திருக்கிறான்' என்ற பழைய கதைக்கு அவர்கள் கையிலேயே ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைப் படித்து நிம்மதியாக மூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கே ஆக இருந்திருந்தாலும் குடி முழுகிப் போயிருக்காது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவின் கையை வெட்டிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவே கிடையாது.

அவர் இன்னும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. அப்போதும் இதே பதில்தானா?

இதே பதில்தான். சிலர் அறுவை சிகிச்சை செய்துகொள்வார்கள், சிலர் காசுக்காகவோ உடல்நிலைக்காகவோ தள்ளிப்போடுவார்கள், சிலருக்கு வேண்டாம் என்று இருக்கும். அறுவை சிகிச்சை நடந்த அன்று காலையில் நீங்கள் கே, மாலையில் இல்லை என்றால் நன்றாகவா இருக்கிறது?

சில ஆண்களுக்கு அந்த உடலின் வித்தியாசமே ஈர்ப்பில் ஒரு பங்காக இருக்கும். அதிலும் குற்றமில்லை. குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைச் 'சேசர்' பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

எங்களைப் போன்றவர்களுக்கு என்று தனிப் பெயர் உண்டா?

உண்டு, தேவைக்கு அதிகமாகவே உண்டு. ஒவ்வொன்றையும் யார் வைத்தார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நம் ஊரில் முதலில் காதில் விழுவது 'பந்தி'. கல்யாண வீட்டுப் பந்தி இல்லை. கோத்திகளும் (பெண் நளினத்தோடு ஆண்களை விரும்புகிறவர்கள்) திருநங்கைகளும் தங்களோடு பழகும் 'ஆம்பிளை'யைக் குறிக்கத் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சொல் இது. வடக்கே அதே ஆளுக்குக் 'கிரியா' என்று பெயர். உறவு நிலைத்துவிட்டால் பந்தி என்ற பேச்சு போய்ப் 'புருஷன்' வந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஆணும் 'நான் ஒரு பந்தி' என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்லை. பல பேருக்குத் தங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. அவர்களைக் கேட்டால் 'ஆம்பிளை' என்பார்கள், அதோடு முடிந்தது.

அடுத்தது மருத்துவர்கள் வைத்தவை. வாயில் நுழையாதவை. ஜான் மணி என்ற பாலியல் ஆய்வாளர் 1984ல் 'கைனிமிமெட்டோஃபீலியா' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். பெண்ணைப் போலப் பாவனை செய்கிறவர் மேல் வரும் மோகம் என்று அதற்கு அர்த்தம். ஒரே சொல்லில் திருநங்கையைப் போலி ஆக்கி, அவரை விரும்புகிறவரை நோயாளியும் ஆக்கிவிட்டார். 1993ல் கனடாவைச் சேர்ந்த ரே பிளாஞ்சர்டு 'கைனாண்ட்ரோமார்போஃபீலியா' என்பதைப் பயன்படுத்தினார். நான் மேலே சொன்ன 2016 ஆய்வும் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. கட்டுரை எழுதுகிறவர்களுக்கு உதவலாம். காதலியிடம் 'நான் ஒரு கைனாண்ட்ரோமார்போஃபைல்' என்று சொல்லிப் பாருங்கள், செருப்பு பறக்கும்.

மூன்றாவது, இணையம் தந்தவை. 'அட்மைரர்' என்பது பழைய டேட்டிங் தளங்களில் புழங்கியது. கேட்க மரியாதையாக இருக்கும், பழக்கத்தில் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. திருநர் (திருநங்கை உட்பட, பிறப்பில் சொன்ன பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்கள்) மேல் ஈர்ப்புள்ளவர் என்ற பொருளில் 'ஸ்கோலியோசெக்ஷுவல்' என்று ஒன்று வந்தது. அதன் கிரேக்க வேருக்கு 'கோணல்' என்று பொருள் இருப்பதால் திருநர் பலருக்கே அது பிடிக்கவில்லை. 'டிரான்ஸ் அட்ராக்டட்', 'டிரான்ஸமரஸ்' இரண்டும் அந்த ஆண்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்டவை. ஒளிந்து வாழ வேண்டாம் என்ற எண்ணத்தில் பிறந்தவை, அந்த அளவுக்கு மரியாதைக்குரியவை.

என்னைக் கேட்டால் இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. உயரமான பெண்ணைப் பிடிக்கும் ஆணுக்குத் தனிப் பாலீர்ப்புப் பெயர் வைப்பதில்லை. ஆனால் தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒரு பெயர் உதவுகிறது என்றால், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். பெயருக்குள் அந்தப் பெண்ணை ஒரு 'வகை'யாகச் சுருக்காமல் இருந்தால் போதும்.

பெயர் என்னவாக இருந்தால் என்ன, இது இவ்வளவு பெரிய விஷயமா?

மனசுக்குப் பெரிய விஷயமில்லை, மருத்துவமனைக்குப் பெரிய விஷயம். எய்ட்ஸ் தடுப்பு வேலை தொடங்கிய காலத்தில் இந்தியாவில் திருநங்கைகளையும் அவர்களின் துணைவர்களையும் 'ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்ற ஒரே கட்டத்தில் அடைத்தார்கள். திருநங்கைகளைத் தனிப் பிரிவாக எடுத்துத் திட்டம் போடவே பல ஆண்டுகள் ஆயின. துணைவர்கள் கதை இன்னும் மோசம். தன்னை முழு ஆம்பிளை என்றும் தன்னோடு இருப்பவளைப் பெண் என்றும் நினைக்கிற ஒருவன், 'ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களே, பரிசோதனைக்கு வாருங்கள்' என்ற போஸ்டரைப் பார்த்தால் அது யாருக்கோ என்று நடையைக் கட்டிவிடுவான். இதே சங்கதியைச் சான் பிரான்சிஸ்கோவில் 2008ல் வெளியான ஆய்வு ஒன்றும் சொன்னது. திருநங்கைகளோடு உறவு வைத்திருந்த ஆண்களைப் பேட்டி எடுத்தபோது சிலர் தங்களை ஸ்ட்ரெய்ட் (எதிர்பாலீர்ப்பு) என்றார்கள், சிலர் பை (இருபாலீர்ப்பு), சிலர் கே, சிலர் எதுவும் சொல்ல விரும்பவில்லை. ஒரே முத்திரை யாருக்கும் பொருந்தவில்லை.

'சேசர்' என்று திட்டுகிறார்கள். நான் சேசரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேசர் என்றால் துரத்துகிறவன். திருநங்கை என்ற ஒரே காரணத்துக்காகத் தேடி அலைந்து, ஆளை விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் திருநங்கைகள் வைத்த பெயர் அது. திருநங்கைகளை விரும்பும் எல்லோரையும் அப்படி அழைக்கக் கூடாது என்பது என் கருத்து. அப்படி அழைத்தால், திருநங்கையை நல்ல மனசோடு ஒருவன் விரும்பவே முடியாது என்று ஆகிவிடும். சில திருநங்கை எழுத்தாளர்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் சேசர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். உங்கள் பழக்கத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அறிமுகமான பத்தாவது நிமிஷத்தில் 'ஆபரேஷன் ஆயிடுச்சா?' என்று கேட்டீர்களா? அவருடைய எண் உங்கள் போனில் 'ரவி மெக்கானிக்' என்ற பெயரில் இருக்கிறதா? சந்திப்பு எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தானா? பகலில் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களா? 'உன்னைப் பார்த்தா தெரியவே இல்ல' என்பதை ஒரு பாராட்டாகச் சொன்னீர்களா? அவர் என்ன வேலை பார்க்கிறார், அம்மா பேசுகிறாரா, வாடகை வீடு கிடைத்ததா என்று எப்போதாவது விசாரித்ததுண்டா?

முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவில் எங்கேயோதான் பெரும்பாலான ஆண்கள் நிற்கிறார்கள். பயத்தால் செய்வதும் உண்டு, பழக்கத்தால் செய்வதும் உண்டு. எதிரில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

கூவாகத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். சித்திரையில் உளுந்தூர்பேட்டை பக்கம் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். சுற்றுவட்டார ஆண்களும் வேண்டுதலுக்காக அதே பூசாரி கையால் அதே அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதுண்டு. யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதே இரவில் அதே ஊருக்கு, திருநங்கைகளைத் தேடி முகத்தை மறைத்துக்கொண்டு வரும் ஆண்களும் ஏராளம். சாமிக்கு என்றால் வெளிச்சத்தில் செய்யலாம், மனுஷிக்கு என்றால் இருட்டு வேண்டும் என்று நாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

அவரோடு இருக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என் மேலேயே அருவருப்பு வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ரொம்பவும் யோசித்து எழுத வேண்டிய கேள்வி இதுதான்.

அந்த அருவருப்பு உங்களுக்குள் முளைத்ததில்லை, ஊட்டப்பட்டது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது கொஞ்சம் நளினமாக நடந்த பையனை 'ஒம்போது' என்று கூப்பிட்டிருப்பார்கள். நீங்களும் கூப்பிட்டிருக்கலாம். திரையில் கதாநாயகனின் நண்பன் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குவான், அவர் திருநங்கை என்று தெரிந்ததும் தலைதெறிக்க ஓடுவான், அரங்கம் சிரிக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள். இருபது வருஷம் அப்படிச் சிரித்துவிட்டு, ஒருநாள் அந்த நண்பனின் இடத்தில் நீங்களே நின்றால், உள்ளே இருக்கும் அரங்கம் உங்களைப் பார்த்துச் சிரிக்கத்தானே செய்யும்? நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. நம் ஊரில் ஆம்பிளைத்தனத்தை மற்ற ஆண்கள்தான் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறார்கள். எந்தப் பெண்ணோடு போகிறாய் என்பதை வைத்துப் போடுகிறார்கள். திருநங்கையோடு போனால் சான்றிதழ் ரத்து. ஆகவே பல பேருக்குப் பயம் திருநங்கையைப் பற்றியதே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நாலு சிநேகிதர்களைப் பற்றியது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேனட் மாக், அவரே ஒரு திருநங்கை, 2013ல் இதைக் கூர்மையாக எழுதினார். திருநங்கையோடு பழகும் ஆணை ஊர் கேலி செய்யும்போது, அந்தக் கேலி அவனோடு நிற்பதில்லை என்றார். இவளோடு இருப்பதே அவமானம் என்ற செய்தி அந்தப் பெண்ணுக்கும் போய்ச் சேருகிறது. அவமானத்தைச் சுமக்கிற ஆண் அதைக் கடைசியில் அவள் தலையிலேயே இறக்கி வைக்கிறான். சில சமயம் கையால் இறக்குகிறான்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 'அவள் திருநங்கை என்று தெரிந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது' என்று கொலை வழக்கில் வாதாடுவதற்கு அமெரிக்காவில் தனிப் பெயரே இருந்தது. 2002ல் கலிபோர்னியாவில் க்வென் அராவ்ஹோ என்ற 17 வயதுப் பெண் கொல்லப்பட்ட வழக்கில் அந்த வாதம் எடுபடுமா என்று பார்த்தார்கள். 2014ல் அந்த மாநிலம்தான் இத்தகைய வாதத்துக்கு முதன்முதலில் தடை போட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அருவருப்பு வரும் இரவில் அவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள், எண்ணைத் தடை செய்யவும் வேண்டாம். 'இனி என் முகத்தில் முழிக்காதே' என்று அனுப்பிவிட்டு மூன்றாம் நாள் 'ஸாரிம்மா' என்று வரும் ஆண்களைத் திருநங்கைகள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர் பெயரைச் சொல்லாமல். சொன்ன பிறகும் வானம் அதே இடத்தில் இருப்பது தெரியும்.

இது நோயா? மருந்து, கவுன்சிலிங் ஏதாவது இருக்கிறதா?

நோயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, திருநராக இருப்பதையே மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களே நோயாளிகள் இல்லை என்றால், அவர்களை நேசிக்கும் நீங்கள் எப்படி நோயாளி ஆவீர்கள்?

பாலீர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய சிகிச்சைக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தூக்கமில்லை, பதற்றமாக இருக்கிறது, குடி அதிகமாகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது பதற்றத்துக்கான வைத்தியம், காதலுக்கானது இல்லை.

ஆபாசப் படம் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது. அது போலி ஆசையா?

எங்கிருந்து வந்தது என்பது பெரிதில்லை, அங்கேயே நின்றுவிட்டதா என்பதைப் பாருங்கள். அந்தப் படங்களில் வருகிறவர் கேமராவுக்காக எழுதிய ஒரு பாத்திரம். நேரில் சந்திக்கும் பெண்ணுக்கு முதுகுவலி இருக்கும், ரேஷன் அட்டைப் பிரச்சினை இருக்கும், இன்றைக்கு வேண்டாம் என்ற மனநிலையும் இருக்கும். படத்தில் பார்த்ததைச் செய்யச் சொல்லிக் கேட்டு அவர் மறுத்ததும் ஏமாற்றம் வருகிறது என்றால், நீங்கள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் கணவரின் போனில் ஒரு திருநங்கையோடு பேசியதைப் பார்த்தேன். அவர் என்னை விரும்பவே இல்லையா?

அம்மா, இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன, பிரித்துவிடுங்கள். அவருக்குத் திருநங்கைகள் மேல் ஈர்ப்பு இருப்பதால் உங்கள் மேல் இல்லை என்று ஆகாது. அவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார் என்றால் அது வேறொரு பெண்ணோடு ஏமாற்றியதைப் போன்ற ஏமாற்றுதான். கூடவும் இல்லை, குறைவும் இல்லை. 'போயும் போயும் இவளோடா' என்று கோபம் வரும். ஆனால் இந்தக் கதையில் அந்தப் பெண்ணிடமும் அவர் பொய் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம், தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று.

உடல்நலத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். திருநங்கை என்பதால் இதைச் சொல்லவில்லை, துணைக்குத் தெரியாமல் வெளியே உறவு இருந்தால் யாருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். அதன் பிறகு சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை ஊரும் மாமியாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

நான் ஒரு திருநங்கை. என்னை விரும்புகிறேன் என்று வருகிற ஆண்களை நம்பலாமா?

எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். கதை பெரும்பாலும் ஒரே மாதிரி போகிறது. தொடக்கத்தில் உயிரையே விடுவான். கடை கடையாகப் போய்க் கேட்டுச் சேர்த்த காசில் அவனுக்குப் பைக் வாங்கிக் கொடுப்பீர்கள். குருவும் ஜமாத்தும் (திருநங்கைகளின் மூத்தவரும் அவர்களின் பஞ்சாயத்தும்) எச்சரித்தாலும் 'என் புருஷன் அப்படி இல்லை' என்பீர்கள். ஒருநாள் வீட்டில் பெண் பார்த்துவிட்டதாக வந்து அழுவான். சில பேர் அந்தக் கல்யாணத்துக்குத் தங்கள் நகையையே கழற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பெரிய மனசு என்று அதைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் எடுத்துக்கொண்ட சலுகை அது.

கல்கி சுப்ரமணியம் 2009ல் திருநங்கைகளுக்கென்றே ஒரு திருமணத் தகவல் தளத்தைத் தொடங்கினார். எங்களுக்கும் குடும்பம் வேண்டும், படுக்கை மட்டும் போதாது என்று ஊரறியச் சொன்னது அது. உலக அளவிலும் நிலைமை ஒன்றும் பிரமாதமில்லை. கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில் 958 பேரிடம், யாரோடெல்லாம் காதல் உறவுக்குத் தயார் என்று கேட்டார்கள். 87.5 சதவீதம் பேரின் பட்டியலில் திருநர் யாருமே இல்லை. மிச்சம் இருக்கும் கொஞ்சம் பேரில்தான் உங்களைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் சேசர்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். இதனாலேயே 'இவனையும் விட்டால் யார் வருவா' என்ற பயத்தில் அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை அவன் மோப்பம் பிடித்துவிடுவான், எச்சரிக்கை.

பரீட்சை வைக்க வேண்டும் என்றால் எளிமையானதாக வையுங்கள். பகல் காட்சி சினிமாவுக்கு வருவானா? அவன் அக்காவிடமோ நண்பனிடமோ உங்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வானா? உடனே முடியாது, ஆறு மாசம் கொடு என்றால் கொடுக்கலாம். ஆறாம் மாசம் இன்னொரு ஆறு மாசம் கேட்டால் பதில் கிடைத்துவிட்டது.

ஆண்கள் மட்டும்தான் திருநங்கைகளை விரும்புகிறார்களா?

இல்லவே இல்லை. பெண்கள் விரும்புகிறார்கள், அப்போது அது இரண்டு பெண்களுக்கு இடையிலான தன்பாலீர்ப்பு. பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் விரும்புகிறார்கள், திருநங்கை, திருநம்பி ஜோடிகள் தமிழ்நாட்டிலேயே கல்யாணம் செய்திருக்கிறார்கள். திருநங்கைகளுக்குள்ளும் காதல் உண்டு. இவர்களைப் பற்றிப் பேச்சே வராததற்குக் காரணம், திருநங்கை என்றாலே ஆணைத் தேடுகிறவர் என்று நாம் முடிவு கட்டி வைத்திருப்பதுதான். தான் பெண் என்று உணர்வதும் யாரைப் பிடிக்கிறது என்பதும் வேறு வேறு.

நண்பர்களிடம் சொல்ல வேண்டுமா?

உங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவரைப் பற்றிச் சொல்ல அவருடைய அனுமதி வேண்டும். வேலை செய்யும் இடத்தில் அவர் திருநங்கை என்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் 'நான் மறைக்க மாட்டேன், நான் தைரியசாலி' என்று ஸ்டேட்டஸ் போட்டு அவர் வேலை போய்விட்டால் அந்தத் தைரியம் யாருக்காக?

அப்புறம், டேட்டிங் செயலியில் பேசிப் படம் வாங்கி 'வீட்டுக்கு அனுப்பவா' என்று மிரட்டுகிற கும்பல்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் திருநங்கை படத்தை வைத்து ஏமாற்றும் வேறு ஆட்கள். காசு கொடுத்தால் நிற்காது. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சம்ஹிதா 308வது பிரிவின்படி குற்றம். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். வெட்கத்தால் நீங்கள் புகார் கொடுக்க மாட்டீர்கள் என்ற கணக்கில்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது.

சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியுமா?

முடியும், தமிழ்நாடுதான் வழி திறந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018 அக்டோபரில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு பதிவு செய்யப் போனார்கள். சார்பதிவாளர் மறுத்தார், மாவட்டப் பதிவாளரும் மறுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்து கொடுங்கள் என்று 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தாலும், ஆண் பெண் உறவில் இருக்கும் திருநருக்கு இப்போதுள்ள சட்டங்களின்படியே மணம் செய்யும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

நடைமுறைக்கு வருவோம். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கோயிலில் தேதி தர மறுத்தால் மனம் உடைய வேண்டாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 7அ பிரிவு இருக்கிறது, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத்துக்கானது. ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், இல்லை தாலி கட்டினால் போதும். ஊரைக் கூட்ட வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. இருவரும் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், வீட்டில் எதிர்ப்பு இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அவருடைய இப்போதைய பெயரும் பாலினமும் ஒன்றுபோல இருக்கும்படி முன்பே திருத்தி வையுங்கள். பதிவு அலுவலகத்தில் இழுத்தடிக்க முதல் சாக்கு அங்கேதான் கிடைக்கும். 2019 தீர்ப்பின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதிகாரி மறுத்தால் வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பாமல், மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே அவர்கள் பேனாவை எடுத்துவிடுவார்கள்.